நம் மாவட்டக் கேள்விகளை எழுத நம் பிள்ளைகளை டெல்லிக்கு அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்றத்தில் தமிழக உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளையும் அமைச்சர்கள் தரும் பதில்களையும் தங்கள் நாளிதழ் விடாமல் வெளியிட்டு வருகிறது. அந்தக் கேள்விகள் எந்த மேசையில், யார் கையால் எழுதப்படுகின்றன என்பதை ஒரு பருவம் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாகப் போகும்; பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் ஊர் தருமபுரி மாவட்டம், பாலக்கோடு வட்டம். அரசுக் கலைக் கல்லூரியில் முதுகலை அரசியல் அறிவியல் படித்தேன். எங்களுக்கு நான்காம் பருவத்தில் பெரும்பகுதி ஆய்வேடுதான். அதை 2025 பட்ஜெட் கூட்டத்தொடரை ஒட்டி டெல்லியில் இருந்து செய்ய எங்கள் துறைத்தலைவர் அனுமதி வாங்கித் தந்தார். வருகைப்பதிவுச் சிக்கல் வராமல் இருக்க முதல்வரிடமும் பல்கலைக்கழகத்திடமும் கடிதம் பெற்றுக் கொடுத்தவரும் அவர்தான். பகலில் ஒரு மக்களவை உறுப்பினரின் அலுவலகத்தில் பயிற்சி, மாலையில் தீன்மூர்த்தி பவன் நூலகத்தில் படிப்பு என்று ஜனவரி முதல் ஏப்ரல் வரை கழிந்தது. அந்த உறுப்பினர் எங்கள் மாவட்டத்துக்காரர் அல்லர். அவர் பெயர் இங்கே தேவையில்லை.

அலுவலகம் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். சவுத் அவென்யூவில் எம்.பி.க்களுக்கு ஒதுக்கும் அடுக்கு வீடு. அதன் முன்னறையில் இரண்டு மேசை, ஒரு பிரின்டர், சுவரோரம் தொகுதி மக்களின் மனுக்கள் கட்டுக்கட்டாக. ரயிலில் அவசர ஒதுக்கீடு கேட்டு, எய்ம்ஸ் மருத்துவமனையில் தேதி கேட்டு, கேந்திரிய வித்யாலயாவில் இடம் கேட்டுப் போன் வந்துகொண்டே இருக்கும். அதற்கு நடுவில்தான் கேள்விகள் தயாராகும்.

நாடாளுமன்றக் கேள்விக்குக் கட்டுப்பாடுகள் நிறைய. குறைந்தது 15 நாள்களுக்கு முன்பே நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும். பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. ஒரே விஷயத்தைப் பற்றி இருக்க வேண்டும். கருத்துக் கேட்கக் கூடாது, மாநில அரசின் பொறுப்பில் உள்ளதைக் கேட்கக் கூடாது. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் உண்டு. மக்களவையில் ரயில்வேக்குப் புதன்கிழமை. வந்து குவியும் நோட்டீஸ்களைக் குலுக்கிப் போட்டு, அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்விகள் 20, எழுத்தில் மட்டும் பதில் வரும் கேள்விகள் 230 என்று ஒரு நாளைக்குத் தேர்ந்தெடுப்பார்கள். தமிழகத்துக்கு மக்களவையில் 39 பேர். இந்தக் கேள்விகளைச் சரியாகப் பயன்படுத்தினால் ஒரு மாவட்டத்தின் பல வருடக் குறைக்கு எழுத்துப்பூர்வமான, அரசு பின்வாங்க முடியாத பதில் கிடைக்கும். வழக்கு போடத் தேவையில்லை, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் காத்திருக்கத் தேவையில்லை.

நான் வரைவு எழுதியவற்றில் என் மனதுக்கு நெருக்கமானது மொரப்பூர் - தருமபுரி ரயில் பாதை பற்றியது. 1906-ல் குறுகிய பாதையாக ஓடத் தொடங்கி, 1941-ல் மூடப்பட்டு, தண்டவாளமும் பெயர்க்கப்பட்ட பாதை அது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் அந்தக் கதையைச் சொல்வார்கள். 36 கிலோமீட்டர் அகலப் பாதையாக மறுபடி அமைக்க 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். "இந்தத் திட்டம் எப்போது முடியும்?" என்றுதான் எவரும் முதலில் எழுதுவார்கள். அலுவலகத்தில் உறுப்பினரின் உதவியாளராக இருந்தவர் தமிழர், டெல்லியிலேயே தலை நரைத்தவர். ரயில்வே அமைச்சகத்தின் பழைய பதில்களை எடுத்து என் முன்னால் வைத்தார். எந்த மாநிலத்துப் பாதையைப் பற்றிக் கேட்டிருந்தாலும் கடைசிப் பத்தி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மாநில அரசு நிலம் எடுத்துத் தருவது, வனத்துறை அனுமதி, குறுக்கே வரும் மின்கம்பிகளையும் குழாய்களையும் மாற்றுவது, நிலத்தின் அமைப்பு, தட்பவெப்பம் ஆகிய பலவற்றைப் பொறுத்தே ஒரு திட்டம் முடியும் காலம் அமையும் என்ற வாசகம்.

"ஏம்மா, எப்போன்னு கேட்டா இதுதான் வரும். எத்தனைன்னு கேளு" என்றார் அவர்.

பிறகு இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். மொத்தம் எத்தனை ஹெக்டேர் நிலம் தேவை. அதில் பட்டா நிலம் எவ்வளவு, அரசு நிலம் எவ்வளவு. வட்ட வாரியாக இதுவரை ரயில்வே கைக்கு வந்தது எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தது. கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஆண்டுவாரியாக ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு. இவற்றுக்கு எண்ணில்தான் பதில் சொல்ல முடியும். வேலை ரயில்வேயிடம் நிற்கிறதா, வருவாய்த் துறையிடம் நிற்கிறதா என்பது அந்த எண்களிலேயே தெரிந்துவிடும். ஒரு அமைச்சர் "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று சொன்னாலும் அது காற்றோடு போவதில்லை. அது உறுதிமொழியாகப் பதிவாகி, அரசு உறுதிமொழிக் குழுவின் பட்டியலில் ஏறுகிறது. மூன்று மாதத்தில் நிறைவேற்றியாக வேண்டும். இரண்டு வருடம் முதுகலை வகுப்பில் படித்த நாடாளுமன்ற நடைமுறைப் பாடம் அந்த ஒரு மதியத்தில் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அந்த அலுவலகத்தில் என்னைத் தவிர மூன்று பயிற்சி மாணவர்கள் இருந்தார்கள். மூவருக்கும் வீடு டெல்லியிலும் குருகிராமிலும். படிப்பது பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில். கெட்டிக்காரர்கள், நல்ல மனசுக்காரர்கள். அமைச்சகங்களின் இணையதளங்களில் புள்ளிவிவரம் எங்கே ஒளிந்திருக்கும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். நான் வெறும் மெல்லிய சால்வையோடு வந்ததைப் பார்த்து, மறுநாளே ஒருத்தி தன் வீட்டிலிருந்து கம்பளிச் சட்டை எடுத்து வந்தாள். அவர்களில் ஒருவர் என் வரைவைப் படித்துவிட்டு, திரையில் வரைபடத்தைத் திறந்து கேட்டார்: "தருமபுரியில் ஏற்கெனவே ரயில் நிலையம் இருக்கிறதே, எதற்கு இன்னொரு பாதை?" நியாயமான கேள்வி. வரைபடத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். தருமபுரியில் இருக்கும் பாதை பெங்களூரையும் சேலத்தையும் இணைப்பது, சென்னைக்குப் போகும் முதன்மைப் பாதை மொரப்பூர் வழியாகப் போகிறது, ஆகவே மாவட்டத் தலைநகரில் ரயில் நிலையத்தை வைத்துக்கொண்டே நாங்கள் பஸ் ஏறி மொரப்பூர் போய்த்தான் சென்னை வண்டியைப் பிடிக்கிறோம் என்று விளக்கினேன். பாலக்கோட்டில் பிறந்த எவருக்கும் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சவுத் அவென்யூவில் சொன்னால்தான் தெரியும். சொல்ல ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். நம் உறுப்பினர்களின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைவு எழுதுகிறவர்கள் யார் என்பது நம் ஊர்களுக்குச் சம்பந்தம் இல்லாத விஷயமல்ல. வாணியாறு அணையின் கால்வாய், ஏலகிரி மலைச்சாலை, தொண்டியின் மீன் இறங்குதளம் என்று ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைதான் சரியான இடத்தில் கைவைத்துக் கேட்கும். அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் அரசுக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். டெல்லிக்குப் போக அவர்களிடம் காசு இல்லை.

என் கணக்கையே சொல்கிறேன். தெற்கு டெல்லியின் முனிர்க்காவில் மூன்று பேர் தங்கும் அறையில் என் பங்கு மாதம் 8,500 ரூபாய். மின்சாரத்துக்கு வீட்டுக்காரர் சொல்லும் யூனிட் விலை. ஒரு மாத வாடகை முன்பணம். சாப்பாட்டுக்குச் சிக்கனமாக 4,000. பழைய ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வை) ஒன்று, தண்ணீர் சுட வைக்கும் ராடு ஒன்று. இவை இரண்டும் இல்லாமல் ஜனவரியில் அங்கே இருக்க முடியாது. போக்குவரத்தில் மட்டும் தப்பித்தேன். டெல்லி அரசுப் பேருந்தில் அப்போது பெண்களுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, கட்டணம் இல்லை. பயிற்சிக்கு உதவித்தொகை கிடையாது என்பது போவதற்கு முன்பே தெரியும். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் 50,000 ரூபாய் கடன் எடுத்துக் கொடுத்தார். இப்போது கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டே டியூஷன் எடுத்து அதை அடைத்து வருகிறேன். என்னோடு படித்தவர்களில் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் குழுக் கடன் ஏற்கெனவே வேறு எதற்கோ எடுத்தாகிவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலையில் பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி நிறுவனத்தின் அடித்தள நூலகத்தில் மழைநீர் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் டெல்லி போகிறேன் என்றதும் அம்மா முதலில் கேட்டது அதைப் பற்றித்தான். 2025 பிப்ரவரி 17 விடியற்காலையில் டெல்லியில் நிலம் அதிர்ந்தது. ரிக்டர் அளவில் 4 தான், மையம் தௌலா குவான் பக்கம். அதாவது எங்கள் குடியிருப்புக்குக் கூப்பிடு தூரம். ஐந்து மாடிக் கட்டடத்தில் ஒரே படிக்கட்டு, ஒரு ஆள் அகலம். இறங்கி வந்தால் சந்து. இரண்டு பக்கக் கட்டடங்களும் மேலே போகப் போக நெருங்கி, மின்கம்பிகளுக்கு நடுவே கீற்றாக வானம். அதிர்வு வந்தால் வெட்டவெளிக்குப் போ என்கிறார்கள்; அங்கே வெட்டவெளி எங்கே இருக்கிறது? அசாமிலிருந்து வந்திருந்த அறைத்தோழி என் கையைப் பிடித்து முக்கியச் சாலை வரை இழுத்துக்கொண்டு ஓடினாள். வெளிமாநிலப் பிள்ளைகள் அங்கே தங்குவது இப்படிப்பட்ட கட்டடங்களில்தான், ஏனென்றால் கட்டுப்படியாகும் வாடகை அங்கேதான்.

பயிற்சிகளுக்கு மத்திய அரசிடம் திட்டமே இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கின்றன. நிதி ஆயோக் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது, ஆனால் ஊதியம் இல்லை. 2024-ல் வந்த பிரதமர் பயிற்சித் திட்டம் நிறுவனங்களில் பயிற்சிக்கானது; தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய். முழுநேரமாகக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு அப்போது அதில் இடமில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் பயிற்சித் திட்டம் ஒன்றுதான் நான் பார்த்தவரை முறையாக யோசித்துச் செய்தது: மாதம் 10,000 ரூபாய், விமானக் கட்டணம், அத்துடன் எல்லா மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வரும்படி இட ஒதுக்கீடு. இந்தக் கடைசி அம்சத்தை நம் மாநில அரசு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மாநிலங்களுக்குப் பதில் மாவட்டங்கள் என்று வைத்தால் போதும்.

தமிழகத்தில் 38 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு இரண்டு பேர், அரசுக் கல்லூரிகளிலிருந்து, ஆண்டுதோறும் பட்ஜெட் கூட்டத்தொடருக்கு டெல்லி போகட்டும். 76 பேர். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் என்றால் நான்கு மாதத்துக்கு 60 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ஒரு மாநில அரசுக்கு இது பெரிய தொகை அல்ல. குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வில் வென்ற மாணவர்களுக்கு நான் முதல்வன் திட்டத்தில் 25,000 ரூபாய் கொடுத்த மாநிலம் இது. புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் மாதாமாதம் வங்கிக் கணக்கில் ஏறியதால் கல்லூரிப் படிப்பை நிறுத்தாமல் முடித்த பெண்களை எனக்கு நேரில் தெரியும். அரசு மனம் வைத்தால் நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

பணத்தைவிட முக்கியம் தங்குமிடம். வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தமிழகத்தில் தோழி விடுதிகள் நடக்கின்றன. அப்படி ஒன்றை டெல்லியில் தொடங்கலாம். சாணக்கியபுரியில் தமிழ்நாடு இல்லம் இருக்கிறது. ராமகிருஷ்ணபுரத்தில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. டெல்லி தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. இடம் பார்க்க, பொறுப்பாளர் ஒருவரை அமர்த்த, முதல் வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரைக் காட்ட அங்கே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மலை மந்திர் முருகன் கோயில் படிகளில் தமிழ்க் குரல்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த எண்ணம்தான் வரும்.

இன்னொன்று, பலரும் தவறாகக் கணிப்பது. இந்தி தெரியாததால் எனக்குப் பெரிய சிரமம் இல்லை. காய்கறிக் கடைக்கும் வீட்டுக்காரருக்கும் தேவையான இந்தி ஒரு மாதத்தில் தானாக வந்துவிட்டது. திணறியது ஆங்கிலத்தில் சுருக்கமாக, அரசுக் கோப்பு நடையில் எழுதுவதற்குத்தான். தமிழ் வழியில் படித்த எங்களுக்கு விஷயம் தெரியும், வரைவு பழக்கமில்லை. மூன்றாம் பருவத்தில் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இது தீரும். நாடாளுமன்ற இணையதளத்திலேயே பழைய கேள்விகளும் பதில்களும் இருக்கின்றன. அவற்றையே பாடமாக வைக்கலாம், புதுப் புத்தகம் வேண்டாம். பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. டெல்லியில் கழியும் பருவத்துக்கு முழு கிரெடிட் புள்ளிகளும் வருகைப்பதிவும் உண்டு என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். எனக்குக் கிடைத்த அனுமதி ஒரு துறைத்தலைவரின் நல்ல மனதால் கிடைத்தது. அவர் மாறுதலாகிப் போய்விட்டால் அடுத்த மாணவிக்கு அது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

நம் உறுப்பினர்கள் 39 பேரிடமும், மாநிலங்களவையில் உள்ள 18 பேரிடமும் தங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்தில் ஒரு நாற்காலியை அரசுக் கல்லூரி மாணவருக்கு என்று ஒதுக்கி வையுங்கள். கட்சி பார்க்க வேண்டாம். தொகுதி மறுவரையறை பற்றி அந்த மார்ச் மாதம் அவையிலும் வெளியிலும் சர்ச்சை சூடாக இருந்தது. தமிழகத்தின் இடங்கள் குறையக் கூடாது என்பதில் எனக்கும் உறுதியான கருத்து உண்டு. இருக்கிற இடங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் மாவட்டத்தை அறிந்த இளைஞர் ஒருவர் உட்கார்ந்து உழைத்தால் அந்தக் குரலுக்கு இன்னும் கனம் கூடும்.

என் மொரப்பூர் கேள்வி குலுக்கலில் வரவில்லை. பெரும்பாலான நோட்டீஸ்கள் அப்படித்தான் போகின்றன. அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி கொடுக்கலாம். வரைவின் நகலையும், ரயில்வே பதில்களிலிருந்து நான் எடுத்த குறிப்புகளையும் எங்கள் துறையில் கொடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் கல்லூரியில் இப்போது மூன்றாம் பருவம் படிக்கும் மாணவிகள் இரண்டு பேர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "அக்கா, நாங்களும் போகலாமா?" என்று கேட்டு வந்தார்கள். பட்ஜெட் கூட்டத்தொடர் ஜனவரி கடைசியில் தொடங்கும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் படுக்கை வசதிச் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே அரசு இதைச் செய்வதானால் அக்டோபருக்குள் அறிவித்து, நவம்பருக்குள் மாணவர்களைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். உயர்கல்வித் துறையின் கவனத்துக்கு இந்தக் கடிதத்தைத் தாங்கள் கொண்டுசென்றால் அந்த இரண்டு பேரும் அவர்கள் வீட்டாரும் நன்றியோடு இருப்பார்கள்.

பயிற்சி பெற்ற அலுவலகத்தை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் முதுகலை அரசியல் அறிவியல் மாணவி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.